ஆங்கிலத்தில் குடிபுகுந்த பிரெஞ்சுச் சொற்கள்

(நாயுடுபேட்டையில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்து மரபு. அவற்றைப் பேசத் தக்க புலவர்கள் இம்மேடைக்கு வந்து போயிருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதைத் துறையில் எழுத்தனாக அமர்ந்தவன். என் கைக்கு வரும் தாள்கள் ஆங்கிலம், என் செவிக்கு வரும் பேச்சுத் தெலுங்கு, வீட்டில் தமிழ். ஆகவே, செயலாளர் அவர்கள் என்னைப் பேசப் பணித்தபோது, நாள்தோறும் என் மேசைமேல் கிடக்கும் ஒரு பொருளையே எடுத்துக்கொள்வேன் என்றேன். ஆங்கிலத்துக்குள்ளே வாழும் பிரெஞ்சுச் சொற்களும் சொற்றொடர்களுமே அப்பொருள்.

சுவர்ணமுகிக் கரையில் பிழைக்க வந்த தமிழருக்குப் பிரெஞ்சு எதற்கு என்று முன்வரிசைப் பெரியவர்கள் புன்னகைப்பது தெரிகிறது. காரணம் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நம்மிடையே வளர்ந்த பெண் ஒருத்தி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். ஊரும் அலுவலகமும் வேண்டா. ஆங்கில நாளிதழ் ஒன்றை நீட்டிப் படிக்கச் சொன்னார்கள். 'ராண்டேவூ' என்று ஒலிக்க வேண்டிய சொல் ஒன்று இடையில் வந்தது. அவள் எழுத்துக்கூட்டி 'ரெண்டெஸ்வவுஸ்' என்று படித்தாள். மேசைக்கு அப்பால் இருந்தோர் நகைத்துவிட்டனர். வேலை கிடைக்காததைவிட, அதன்பின் ஓராண்டுக் காலம் அவள் அயலார் எதிரே ஆங்கிலத்தில் வாய் திறக்க மறுத்ததே அவள் தாயாருக்குப் பெருந்துயரமாக இருந்தது. அச்சொல்லின் நேர்பொருள் என்ன தெரியுமா? 'வந்து சேருங்கள்' என்பதுதான். வந்து சேர்ந்தவளை நகைத்து அனுப்பிய சொல்லுக்குப் பொருள் அது!

அவள் என்ன குற்றம் செய்தாள்? அவள் கற்ற விதிப்படி எழுத்தைப் படித்தாள். அந்தச் சொல்லோ வேறொரு நாட்டு விதியோடு வந்து அமர்ந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், நகைத்தவர்களும் அவளும் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

1066ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், ஹேஸ்டிங்ஸ் என்னும் இடத்தில் நடந்த போரில் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தின் அரசனை வென்றான். அன்று முதல் அந்நாட்டின் அரண்மனையும் கோட்டையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. வயலும் தொழுவமும் ஆங்கிலம் பேசின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நார்மன் என்றாலே வடக்கத்தியான் என்று பொருள். அவர்களுடைய முன்னோர் வடகடல் நாடுகளிலிருந்து பிரான்சின் கரையில் குடியேறியவர்கள். குடியேறிய சில தலைமுறைக்குள் தம் சொந்த மொழியைக் கைவிட்டுப் பிரெஞ்சு பேசத் தலைப்பட்டனர். பிறகு அந்தக் கடன்மொழியையே வேறொரு நாட்டின்மேல் சுமத்தினர். குடிபெயர்ந்து வாழும் நாம் இந்தச் செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

ஆட்சியின் அடையாளம் அடுக்களை வரையில் சென்றது. மாடு தொழுவத்தில் நிற்கும்வரை அதற்கு ஆங்கிலப் பெயர். வெந்து தட்டில் விழுந்தவுடன் 'பீஃப்' என்று பிரெஞ்சுப் பெயர். ஆடும் அப்படியே, மேய்ப்பவனுக்கு 'ஷீப்', உண்பவனுக்கு 'மட்டன்'. பன்றி 'போர்க்' ஆயிற்று. வால்டர் ஸ்காட் தம் 'ஐவன்ஹோ' நாவலின் தொடக்கத்திலேயே ஒரு பன்றி மேய்ப்பனும் ஒரு கோமாளியும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறார். வளர்ப்பவன் ஒருவன், உண்பவன் மற்றொருவன் என்பதைச் சொல்லகராதியே சாட்சி கூறுகிறது. சைவ உணவினர் மன்னிக்க வேண்டும்; இந்த எடுத்துக்காட்டுக்கு ஈடாகக் காய்கறியில் ஒன்று எனக்கு அகப்படவில்லை.

அடுக்களையைவிட நீதிமன்றம் கொடியது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், இங்கிலாந்தின் குடியானவன் தன் நிலத்துக்காகவும் தன் தலைக்காகவும் வழக்காடியது தனக்கு விளங்காத பிரெஞ்சில். 1362இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். வழக்கில் தமக்காகவும் தமக்கெதிராகவும் என்ன பேசப்படுகிறது என்று மக்களுக்குத் தெரியவில்லை. ஆகவே இனி ஆங்கிலத்தில் வாதாடுக என்பது அதன் கருத்து. அந்தச் சட்டத்தையும் பிரெஞ்சிலேயே எழுதினார்கள் என்பதுதான் விந்தை! அதன் பின்னரும் வழக்கறிஞர்கள் அம்மொழியை எளிதில் விட்டாரில்லை. இன்றும் இலண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு மன்னர் இசைவளித்ததை அறிவிக்கும்போது, 'மன்னர் இதனை விழைகிறார்' என்பதைப் பழைய பிரெஞ்சில்தான் சொல்லுகின்றனர். அவர்களுடைய அரச முத்திரையில் பொறித்த 'இறைவனும் என் உரிமையும்' என்னும் வாசகமும் பிரெஞ்சே.

நம் உயர்நீதிமன்றங்களிலும் அதன் எச்சம் உண்டு. தலைமை நீதிபதி அல்லாத ஏனைய நீதிபதிகளைப் 'பியூனி' நீதிபதிகள் என்பது பழைய வழக்கு. எழுத்தைப் பார்த்தால் 'புயிஸ்னே' என்று படிக்கத் தோன்றும். 'பின்னே பிறந்தவர்' என்பது பொருள். நம் வழக்கில் சொன்னால் இளையவர். அதே சொல் வேறு எழுத்தில் 'அற்பமான, நோஞ்சலான' என்ற பொருளில் ஆங்கிலத்தில் உலவுகிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் நீதிபதியாகிவிட்டார். மற்றவர் வசவுச்சொல் ஆகிவிட்டார். வீட்டை அடகு வைக்கும் 'மார்ட்கேஜ்' என்பதற்கு நேர்பொருள் 'செத்த பிணை'. தவணை கட்டுவோர் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

முன்னர் நான் பணியாற்றிய, பெயர் வேண்டாத ஒரு நிலையத்தில், நெல் வணிகர் ஒருவர் ஆங்கிலத் தாள் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அதில் 'டெமரேஜ்' என்று ஒரு தொகை குறித்திருந்தது. தெலுங்கில் கையெழுத்திடத் தெரிந்த அவருக்கு, அந்தச் சொல்லை மூன்று பேர் மூன்றுவிதமாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் அபராதம் என்றார். ஒருவர் வரி என்றார். ஒருவர் கட்டாவிட்டால் சரக்கு ஏலம் போகும் என்று அச்சுறுத்தினார். அது 'தங்கிவிடுதல்' என்னும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல். வண்டி உரிய நேரத்துக்கு மேல் தங்கியதற்கான கட்டணம், அவ்வளவே. 'வண்டி காத்திருந்த கூலி' என்று தெலுங்கில் சொன்னேன். உடனே அவர் மணிக்கணக்கைச் சரிபார்த்து, கணக்கில் இருந்த பிழையையும் எடுத்துக் காட்டினார். அறிவு அவரிடம் இருந்தது. சொல்தான் இடையே சுவராக நின்றது. 1362ஆம் ஆண்டுச் சட்டம் எங்கோ இங்கிலாந்தில் செய்தது என்று என்னால் எண்ண இயலவில்லை. சன்னலுக்கு இப்புறம் அமர்ந்திருக்கும் நம்மவர் அனைவருக்கும் இது உரியது. நமக்குப் படியளக்கும் இவ்வூரார்க்கு அவர்கள் மொழியில் ஒரு தாளை விளக்கிச் சொல்வது நம் கடமை என்பது என் கருத்து.

நம் இருப்புப்பாதைத் துறையில் பிரெஞ்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 'டிரெயின்' என்பதே 'இழுத்துச் செல்' என்னும் பிரெஞ்சு வினையின் வழிவந்தது. 'பிளாட்பாரம்' என்று நம் மக்கள் வழங்குவது 'தட்டையான வடிவம்' என்னும் பிரெஞ்சுத் தொடர். 'பார்சல்' சிறு பகுதி. 'ஜர்னி' என்றால் ஒரு நாள் அளவு. ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவைக் குறித்த சொல், இன்று மூன்று நாள் பயணத்துக்கும் ஆகிவிட்டது. முதல் வகுப்பில் இருவர் படுக்கும் சிற்றறையைக் 'கூப்பே' என்கிறோம், அது 'வெட்டப்பட்டது'. 'கூப்பன்' அதன் தங்கை, கிழித்துக் கொடுக்கும் துண்டு. 'டிக்கெட்' என்பது ஒட்டிவைக்கும் சீட்டு என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். அதே சொல்தான் பின்னர் 'எட்டிகெட்' என்று, அவையில் ஒழுகும் முறையைக் குறித்து வந்தது. ஆகவே, டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவனிடம் எட்டிகெட்டும் இல்லை என்று பரிசோதகர் சொன்னால், அவர் சொல்லியல் அறிந்தவர் என்று கொள்ளலாம்.

'ஷோஃபர்' என்று செல்வர் வீட்டுக் கார் ஓட்டியைக் குறிப்பார்கள். அதன் நேர்பொருள் 'சூடேற்றுபவன்'. பிரான்சில் நீராவி இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவருக்கு அதுவே பெயர். நம் காலனியில் நீராவிக் காலத்து ஃபயர்மேன்கள் ஓய்வு பெற்று அமர்ந்திருக்கிறார்கள். வெள்ளைச் சீருடையும் தொப்பியும் அணிந்த அந்தக் கார் ஓட்டியின் பட்டம் முதலில் அவர்கள் தோழர்களுக்கு உரியது என்பதை இப்பேரவையில் பதிவு செய்கிறேன்.

'இண்டென்ட்' போடாமல் நம் அலுவலகங்களில் ஒரு பேனா முனையும் நகராது. அது பல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முற்காலத்தில் ஒரே தாளில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பற்பற்களாக நெளித்து வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். வழக்கு வந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் ஆவணம் மெய். அதனால் அந்த ஒப்பந்தத்துக்கு 'இண்டென்ச்சர்' என்று பெயராயிற்று. அன்னையரே, இந்தச் சொல் நம் இனத்தின் கண்ணீரில் நனைந்தது. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் நம்மவர் கரும்பு வெட்டச் சென்றது இந்த ஒப்பந்தத்தின்மேல்தான். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் அவ்வாண்டு நவம்பரில் டர்பனை அடைந்தது. அதில் சென்றவர்களால் ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்ல முடியவில்லை. 'அக்ரிமெண்ட்' என்பதைக் 'கிர்மிட்' என்றார்கள். அந்த அக்ரிமெண்டும் பிரெஞ்சு வழி வந்ததே. தம் கைவிரல் ரேகை எந்தச் சொல்லின்கீழ் பதிந்தது என்று அறியாமலே கடல் தாண்டியவர்கள் எத்தனை பேர்!

பிரெஞ்சுத் தீவாகிய ரெயூனியனுக்கும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பலர் சென்றனர். அவர்கள் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர்கள் தம் முறைப்படி எழுதினர். நம் உகரத்துக்கு அவர்கள் ஓவும் யூவுமாக இரண்டு எழுத்து இடுவார்கள். இறுதியில் ஒலிக்காத ஓர் ஈயும் சேர்ப்பதுண்டு. புதுச்சேரியில் இன்றும் அப்படி எழுதுவோர் பலர். முன்பதிவுப் பட்டியலில் அத்தகைய பெயரைக் கண்டு, ஆங்கிலம் மட்டும் அறிந்த நம் நண்பர்கள் ஆறுமுகத்தை 'அரவுமவுகமே' என்று கூவி அழைப்பதை நான் கேட்டிருக்கிறேன். இளைஞர்களே, ஓவும் யூவும் சேர்ந்து வந்தால் அது 'ஊ'. கடைசி ஈயை விட்டுவிடுங்கள். பயணி மகிழ்ந்து திரும்பிப் பார்ப்பார்.

ஒலிப்பு முறையைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுச் சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய் பெரும்பாலும் வாய் திறவாது. 'டெப்போ'வில் டகரம் எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. பள்ளியே காணாத நம் தொழிலாளர் 'டிப்போ' என்று சரியாகவே சொல்கின்றனர். ஏனெனில் செவியால் கற்றார்கள். கண்ணால் கற்ற நாம்தான் இடறுகிறோம். என்.சி.சி.யில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் மூன்றாம் எழுத்துக்கு உரிய சொல்லைக் 'கோர்' என்றே சொல்ல வேண்டும். உள்ளபடி ஒலித்தால் ஏறக்குறையப் பிணம் என்று பொருள் வந்துவிடும். உடல் என்பதே இரண்டுக்கும் மூலம். ஒன்றில் உயிர் இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. 'லெஃப்டினன்ட்' என்பவர் 'இடத்தைத் தாங்கி நிற்பவர்'. மேலவர் இல்லாதபோது அவர் இடத்தில் இருப்பவர். விடுமுறை நாளில் வேலை செய்ததற்கு ஈடாக வேறொரு நாள் ஓய்வு கேட்டு 'இன் லியூ ஆஃப்' என்று விண்ணப்பம் எழுதுகிறோமே, அந்த 'லியூ'வும் இதுவே. இடம் என்று பொருள்.

'மேடே' என்று விபத்தில் சிக்கிய விமானி மும்முறை கூவுவான். நம் தொழிற்சங்கத்தார் கொண்டாடும் மே நாளுக்கும் அதற்கும் உறவில்லை. 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைக் கொண்டு ஆக்கிய குறியீடு அது. 1927இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. 'சபோட்டாஜ்' என்று வேண்டுமென்றே செய்யும் நாசவேலையைக் குறிக்கும் சொல், ஆங்கிலத்தில் பரவியது 1910இல் பிரான்சில் நடந்த இருப்புப்பாதை வேலைநிறுத்தத்தை ஒட்டித்தான். தொழிலாளர் தம் மரச் செருப்பை இயந்திரத்துக்குள் எறிந்ததால் வந்தது என்பார்கள். 'சபோ' என்றால் மரச் செருப்பு என்பது மெய். எறிந்த கதைக்குச் சான்று இல்லை. மரச் செருப்பிட்டு நடப்பதுபோல் வேலையைத் தட்டுக்கெட்டுச் செய்வது என்பதே பொருத்தமான விளக்கம்.

இனிச் சொற்றொடர்கள். திருமண அழைப்பிதழின் அடியில் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பொறிக்கிறோம். 'தயைகூர்ந்து மறுமொழி தருக' என்னும் பிரெஞ்சு வேண்டுகோள் அது. யாரும் மறுமொழி தருவதில்லை. பந்தியில் நேரே அமர்ந்துவிடுவதே நம் மறுமொழி. 'கார்ட் பிளான்ஷ்' வெள்ளைத்தாள். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தல் என்று நாம் சொல்வது அதுவே. 'ஃபோ பா' தவறான அடிவைப்பு. யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் பாட்டியர் ஆறுதல் சொன்னது அதற்கே. 'ஃபெய்ட் அக்கம்ப்ளி' முடிந்துபோன காரியம். மாற்றல் உத்தரவு வந்த பின்னர் மேலதிகாரி நம்மிடம் கருத்துக் கேட்பாரே, அது. 'குல்-டெ-சாக்' என்றால் பையின் அடி, நம் முட்டுச்சந்து. 2020ஆம் ஆண்டில் நாம் அனைவரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது தெலுங்கரும் தமிழரும் ஒருங்கே சொன்ன 'கர்ஃப்யூ' என்பது 'நெருப்பை மூடு' என்னும் தொடர். இரவு மணி அடித்தவுடன் அடுப்பை மூடி உறங்கச் செல்ல வேண்டும் என்பது அக்கால ஐரோப்பிய நகரங்களின் கட்டளை. 'ஊரடங்கு' என்னும் நம் சொல் அதைவிட அழகாக இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பிரெஞ்சுபோல் தோன்றிப் பிரெஞ்சர் வழங்காதனவும் உள. புனைபெயரைக் குறிக்கும் 'நோம் டி ப்ளூம்' இங்கிலாந்தில் கட்டிய தொடர். இசையரங்கில் மீண்டும் பாடக் கோரி ஆங்கிலேயர் 'ஆங்கோர்' என்று கூவுவர். பிரெஞ்சுக்காரரோ 'பிஸ்' என்பர். நம் நாடகக் கொட்டகையில் 'ஒன்ஸ்மோர்' என்றோம். ஒவ்வொருவருக்கும் அடுத்த வீட்டுச் சொல்லில் கூவினால்தான் மனம் நிறைகிறது போலும்.

நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். பிள்ளைகள் தமிழில் தெலுங்கைக் கலந்து பேசுகிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் சென்ற ஆண்டு முழுவதும் வாதம் நடந்தது. கலந்தால் அபராதம் விதிக்கலாம் என்றுகூட ஒருவர் முன்மொழிந்தார். நான் அதற்கு உடன்படேன். இங்கிலாந்து மக்கள் பிரெஞ்சுச் சொற்களை ஆயிரக்கணக்கில் ஏற்றார்கள். ஆனால், 'நான், நீ, வா, போ, அம்மா, வீடு' போன்ற அடிப்படைச் சொற்களும் வாக்கியத்தின் எலும்புக்கூடும் அவர்களுடையனவாகவே நின்றன. ரவிக்கையும் எச்சரிக்கையும் தெலுங்கிலிருந்து வந்தவை என்பர். அவற்றை ஏற்றதால் தமிழ் நலிந்துவிடவில்லை. நமக்கு அருகிலுள்ள திருமலையில் மார்கழி மாதம் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு எழுத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டு ஓதும் அன்பர்கள் பலர். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுகிறார்கள். எழுதப் படிக்க அறியார். ஊரிலிருந்து தாத்தா அனுப்பும் வரிகளைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கிறார்கள். நார்மன்கள் தம் முன்னோர் மொழியை இழந்தது சொல் கலந்ததால் அன்று; பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டதால். அபராதப் பணத்தை எண்ணுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அரிச்சுவடிக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று எண்ணுவோம்.

கொண்டது மட்டும் அன்று, கொடுத்ததும் உண்டு. தமிழ்ச் சொல் பிரெஞ்சின் தோளேறி ஆங்கிலத்துக்குள் புகுந்த கதை இரண்டை நான் அறிவேன். ஒன்று சுருட்டு. பிரெஞ்சுக்காரர் அதைத் தம் நாவுக்கு ஏற்ப 'ஷெரூட்' என்றார்கள்; அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்து வரையில் புகழ் பெற்றது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார்.

மற்றொன்று, கோடைக்காலத்தில் நம் காலனிச் சன்னல்களில் தட்டியாகத் தொங்குவது. அதன்மேல் நீர் தெளித்துவிட்டுப் பிற்பகலில் கண்ணயர்கிறோமே, அந்த வெட்டிவேர்தான். பிரெஞ்சுக்காரர் சொல்லையும் கொண்டார்கள், வேரையும் கொண்டார்கள். ரெயூனியன் தீவில் பயிரிட்டு, அதன் எண்ணெயை வாசனைத் திரவியங்களில் சேர்த்தார்கள். ஆங்கில அகராதியில் 'வெட்டிவர்' என்னும் சொல்லைப் புரட்டிப் பாருங்கள். பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்குத் தமிழிலிருந்து வந்தது என்று அச்சிட்டிருக்கும். சங்கப் படிப்பகத்தில் அந்த அகராதி இடப்பக்க அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சாவி காவலரிடம் உண்டு.